மருதாணியும் மல் வேட்டியும்

"தவறு எங்கே நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்," என்றார் தலைவர். "இந்த அளவுகளை எடுத்தது என் மாணவி. அதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். அவர் கைகளைப் பாருங்கள், மருதாணி."

ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். எந்த மொழியில் சொன்னாலும் பொய் பொய்தான்.

மாமல்லபுரத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் கூடம். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வேதியியல் பேராசிரியர்கள் கருத்தரங்குக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் மதியச் சாப்பாட்டுக்கு மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். யார் நாற்காலியை நகர்த்தினாலும் தரையில் மணல் நறநறத்தது. தலைவர் அப்படிச் சொன்னதும் அத்தனை பேரும் திரும்பி என் கைகளைப் பார்த்தார்கள்.

நான் சட்டென்று கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். ஒரு தப்பும் செய்யாதவளைத் திருடி மாதிரி கையை மறைக்க வைத்தாரே அந்த மனிதர், அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எப்போதுதான் சொல்வது?

தலைவரைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் கூப்பிட்டார். மிக மரியாதையாகத்தான் பேசினார். "மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் எதற்கம்மா இதெல்லாம்?" என்று கேட்டார்.

ஐயா, அவர் உயிரோடு இருந்தபோதே சொன்னேன். "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்றார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு சொல்லப் பார்த்தேன். "வயதான காலத்தில் ஏன் நோகடிக்கிறாய்" என்றார்கள். இப்போது செத்துப்போய்விட்டார் என்கிறீர்கள். பிறகு நான் எப்போதுதான் சொல்வது? நானும் செத்த பிறகா?

அதனால் சொல்லத்தான் போகிறேன். கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன், செங்கல்பட்டில் இருந்தது என்பது போதும். அவர் பெயரும் வேண்டாம். துறைக்குத் தலைவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரைத் 'தலைவர்' என்றே சொல்வோம். எழுபதுகளின் நடுவில் நான் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன்.

என் அத்தாவுக்குச் செங்கல்பட்டு பஜாரில் இரும்புக் கடை. ஆணி, தாழ்ப்பாள், கிணற்று ராட்டினம் விற்கிறவருடைய மகள் ஒளியை ஆராய்ச்சி செய்கிறாள் என்பதில் அவருக்குப் பெருமை தாங்காது. கடைக்கு வருகிறவர்களிடம், "நம்ம ஜெய்தூனு லைட்டு பத்திப் பெரிய படிப்பு படிச்சிகினு கீது" என்பார். அதைக் கேட்டுவிட்டு, வீட்டில் ஃப்யூஸ் போய்விட்டது, பெண்ணைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு.

ரயில் போனப்புறம் எடு

நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைச் சில மூலக்கூறுகளின் மேல் அடித்தால் அவை அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாகத் திருப்பிக் கொடுக்கும். எது எந்த நிறத்தைக் கொடுக்கிறது, எவ்வளவு கொடுக்கிறது, ஏன் கொடுக்கிறது என்று அளப்பதுதான் எங்கள் தொழில்.

அதற்கு இருட்டு வேண்டும். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டி, அதை இருட்டறை என்றார்கள். தூசி பறக்கும் என்பதால் உள்ளே மின்விசிறி கிடையாது. பாதரச விளக்கின் சூடும் ஆல்கஹால் வாடையும் சேர்ந்து, சித்திரை மாதத்தில் அந்த அறை ஓர் அடுப்பு. முக்காட்டு நுனியால் வியர்வையை ஒற்றிக்கொண்டே அளப்பேன்.

இதில் ரயில் வேறு. ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்ததால், சரக்கு ரயில் போனால் கருவியின் முள் நடுங்கும். என்னோடு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கஜபதி கருங்குழிக்காரன், விவசாயக் குடும்பம். நான் உள்ளே அளக்கும்போது அவன் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அவன் அளக்கும்போது நான் நிற்பேன்.

"கூட்ஸு வருது, நிறுத்து! போய்கினே கீது, இன்னும் போய்கினே கீது... ஆங், போய்ட்ச்சி. எடும்மா, எடு!"

இப்படித்தான் உலகத் தரத்தில் அறிவியல் செய்தோம். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமில்லை. அந்த அறையில் நான் எடுத்த ஒவ்வொரு அளவும் சுத்தமானது என்ற திமிர்தான் இருக்கிறது.

இரண்டு குப்பிகள்

மருந்தை, அதாவது நாங்கள் அளக்கிற ரசாயனக் கரைசலை, ஊற்றி ஒளிக்கு முன்னால் வைக்கிற சின்னச் சதுரக் குப்பிகள் எங்களுக்கு உயிர் மாதிரி. சாதாரணக் கண்ணாடி புற ஊதா ஒளியை மறைத்துவிடும் என்பதால் அவை குவார்ட்ஸில் செய்தவை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எங்களிடம் இருந்தவை இரண்டு. தலைவர் அவற்றைத் தம் பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

ஒன்றில் வெறும் ஆல்கஹாலை ஊற்றி, மூடி போட்டு, மெழுகு வைத்து அடைத்துவிட்டார். மருந்து கலக்காத ஆல்கஹால் தானாக எவ்வளவு ஒளி தருகிறது என்று பார்த்துக் கழிக்க வேண்டும் அல்லவா? அதற்காக. அந்தக் குப்பியைத் திறக்கக் கூடாது, கழுவக் கூடாது, கழுத்தைப் பிடித்து வைத்து, கழுத்தைப் பிடித்து எடுக்க வேண்டும். இன்னொரு குப்பியில்தான் எல்லா மருந்தும் மாறி மாறி. கழுவித் துடைத்து, கழுவித் துடைத்து, அதற்கு ஓய்வே கிடையாது.

துடைக்கிற துணியிலும் தலைவருக்கு ஒரு கொள்கை உண்டு. கடையில் வாங்குகிற துணி குப்பியைக் கீறிவிடும் என்பார். அவர் மல் வேட்டி தவிர வேறு கட்ட மாட்டார். கண் கூசும் வெள்ளை. பழையதாகிப்போன வேட்டிகளைத் துண்டு துண்டாகக் கிழித்து, வெளுத்து மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்.

"இந்த ஜில்லாவிலேயே இவ்வளவு மெல்லிசான துணி கிடைக்காது, தெரியுமா?"

நாங்களும் பயபக்தியோடு வாங்கிக்கொள்வோம். ஆல்கஹாலில் நனைத்து, குச்சியில் சுற்றி, குப்பியின் உள்ளேயும் துடைப்போம்.

மேல்மாடியிலிருந்து ஓர் ஒளி

நான் எடுத்துக்கொண்ட மூலக்கூறு பச்சை ஒளி தரும். ஆனால் என் வரைபடத்தில் பச்சை மேட்டுக்குப் பக்கத்தில், நீலத்தில், சின்னதாக இன்னொரு மேடு வந்தது.

தலைவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். காரணம் இருக்கிறது. ஒளியை வாங்கிய மூலக்கூறு மாடி ஏறிய ஆள் மாதிரி. வழக்கமாக அது படிப்படியாகக் கீழ்ப்படிக்கு இறங்கி வந்து, அங்கேயிருந்துதான் ஒளியை விடும். அது எங்கள் துறையின் விதி. பச்சையைவிட ஆற்றல் கூடிய நீல ஒளி வருகிறது என்றால், எங்கள் மூலக்கூறு விதியை மீறி மேல்மாடியிலிருந்தே குதிக்கிறது என்று அர்த்தம். அப்படிக் குதிப்பவை மிக அபூர்வம்.

"இன்னொரு தடவ எடும்மா, இந்த சார் பாக்கட்டும்" என்று தொடங்கி, தலைவர் வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்ட, அந்த மழைக்காலம் முழுக்க அதே வரைபடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தேன். கட்டுரை வெளிநாட்டு இதழில் அச்சாகி வந்தது. துறையில் ஜாங்கிரி கொடுத்தார்கள். நான் ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரையைத் திறந்தேன்.

ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும். கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அளவெடுப்பதில் உதவிய செல்வி ஜெய்தூனுக்கு நன்றி என்று இருந்தது.

உதவியா? அந்த இருட்டறையில் அவர் ஒரு நாளாவது முழுதாக நின்றிருக்கிறாரா? மருந்தைச் சுத்தம் செய்தது நான், அளந்தது நான், வரைந்தது நான். இவர் எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

"இன்னாம்மா, ஜாங்கிரி துன்னாம மொறச்சிகினு கீற?" என்றான் கஜபதி. கட்டுரையை அவனிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவனும் ஜாங்கிரியைக் கீழே வைத்தான்.

மருந்தே இல்லாத மேடு

கோபத்தில் இருப்பவளுக்குக் கண் கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. பழைய வரைபடங்களை எல்லாம் எடுத்து விரித்துப் பார்த்தேன். பச்சை மேடு எல்லா நாளும் ஒரே உயரம். நீல மேடு மட்டும் ஒரு நாள் உயரமாக, ஒரு நாள் குட்டையாக. ஒரே மருந்து, ஒரே அளவு, பிறகு இது ஏன் ஆடுகிறது? ரயிலின் மேல் பழிபோட முடியாது.

மறுநாள் திறக்கக் கூடாத குப்பியைத் திறந்தேன். அதிலிருந்த, ஒரு நாளும் நீலம் காட்டாத வெறும் ஆல்கஹாலை, நாங்கள் தினமும் துடைக்கிற குப்பியில் ஊற்றி, விளக்குக்கு முன்னால் வைத்தேன்.

நீல மேடு வந்தது.

மருந்தே இல்லை. மூலக்கூறு இல்லை, மாடி இல்லை, படிக்கட்டு இல்லை. நீலம் மட்டும் ஜோராக வந்து நின்றது.

தினமும் கழுவுகிற குப்பியைத் தொட்டு, அடைத்து வைத்த குப்பியைத் தொடாதது எது? கையில் துடைக்கும் துணி இருந்தது. அதை அப்படியே விளக்குக்குக் கீழே பிடித்தேன். இருட்டறையே நீலமாகிவிட்டது.

அப்போதுதான் கடைகளில் புதிதாக ஒரு வெளுப்புப் பொடி வந்திருந்தது. அதைப் போட்டுத் துவைத்தால் துணி பளீரென்று இருக்கும். அந்தப் பொடி அழுக்கை எடுப்பதில்லை. வெயிலில் இருக்கிற புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கிறது, பழுப்பு மறைந்து வெள்ளையாகத் தெரிகிறது. நாங்கள் வருஷக்கணக்கில் அளக்கிற அதே வித்தைதான். தலைவர் வீட்டில் அந்தப் பொடியைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். அது ஆல்கஹாலில் ஊறி, துணியிலிருந்து குப்பிக்குள் இறங்கியிருக்கிறது. எங்கள் துறையின் அபூர்வ ஒளி, தலைவருடைய வேட்டியிலிருந்து வந்த ஒளி.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்றே நினைத்தேன், அவ்வளவு அப்பாவி.

"என் வேட்டியிலயா குத்தம் கண்டுபிடிக்கிற?"

"வேட்டியில இல்ல சார், வெளுக்கற பொடியில. நாம இதழுக்கு எழுதி, தப்புன்னு சொல்லிடலாம் சார்."

"தொறக்காதேன்னு சொன்ன குப்பிய யாரக் கேட்டுத் தொறந்த?" குரலை உயர்த்தவே இல்லை. "இதப் பாரும்மா. இது இந்த ரூமுக்குள்ளயே இருக்கட்டும். என் கையெழுத்து இல்லாம உன் ஆய்வேடு இந்தக் கேட்டத் தாண்டாது. ஞாபகம் வெச்சிக்க."

திரையை இழுங்கள்

மாமல்லபுரத்துக்கு என்னை அழைத்துப்போனதே விளக்கை இயக்கிக் காட்டத்தான். பாதரச விளக்கை மரப்பெட்டியில் வைத்து, நானும் கஜபதியும் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் மடியில் தாங்கிக்கொண்டு போனோம். தலைவர் காரில் வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் என் தங்கைக்கு நிக்காஹ் நடந்திருந்ததால் கையெல்லாம் மருதாணி சிவந்திருந்தது.

தலைவர் நீல ஒளியைப் பற்றிப் பேசி முடித்ததும் பம்பாயிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் எழுந்தார். நரைத்த தலை, கசங்கிய கோட்டு. அதே மூலக்கூறைத் தம் ஆய்வகத்தில் பல முறை அளந்து பார்த்ததாகவும், பச்சை மட்டுமே வந்ததாகவும், நீலம் வரவே இல்லை என்றும் சொன்னார். ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அப்போதுதான் தலைவர் என் கையைக் காட்டினார், மருதாணி குப்பியில் கலந்துதான் நீலம் வந்தது என்கிற மாதிரி.

கவனியுங்கள், அவருக்குக் காரணம் தெரியும். நானே சொல்லியிருந்தேன். கண்டுபிடிப்பு என்றபோது ஆசிரியர் இடத்தில் என் பெயருக்கு இடமில்லை. தப்பு என்றதும் முழு உரிமையும் எனக்கு வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் இருந்தவர்கள்தான் நாளை என் ஆய்வேட்டைத் திருத்தப்போகிறவர்கள், எனக்கு வேலை கொடுக்கப்போகிறவர்கள். கை சுத்தமில்லாதவள் என்று இவர்கள் மனதில் பதிந்துவிட்டால் என் அளவு எதையும் இனி ஒருவரும் நம்ப மாட்டார்கள். எனக்கு இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கை.

பக்கத்தில் இருந்த கஜபதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இன்னாம்மா உக்காந்துகினு கீற? ஏந்திரி. நான் போய்த் திரைய இழுக்கறேன்."

எழுந்தேன். வரிசைகளுக்கு நடுவில் நடந்து முன்னால் போனேன். மேசைக்குப் பக்கத்தில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. படம் காட்டுவதற்காகப் போட்டிருந்த கறுப்புத் திரைகளைக் கஜபதி ஒவ்வொன்றாக இழுத்தான். கூடம் இருண்டதும் மேசை மேல் தயாராக இருந்த விளக்கைப் போட்டு, என் இரண்டு கைகளையும் அதன் கீழே விரித்தேன்.

"மருதாணி இதுதான்," என்றேன் ஆங்கிலத்தில். "பாருங்கள், ஒளி தருகிறதா?"

மருதாணி பூசிய இடமெல்லாம் கரி மாதிரி இருந்தது. மருதாணி புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். "இந்த மருதாணி போன வாரம் வைத்தது. வரைபடம் மழைக்காலத்தில் எடுத்தது" என்றேன்.

பிறகு விளக்கைக் கொஞ்சம் திருப்பினேன். அவ்வளவுதான் செய்தேன்.

இடுப்பிலிருந்து கால்வரை தலைவர் நீலமாக எரிந்தார். கறுப்புக் கோட்டு தெரியவில்லை, முகம் தெரியவில்லை, கை தெரியவில்லை, வேட்டி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. முன்வரிசையில் இரண்டு மூன்று வெள்ளைச் சட்டைகளும் எரிந்தன. யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது.

"எங்கள் குப்பியை இந்தத் துணியால்தான் துடைக்கிறோம்," என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரையைத் திறந்ததும் பம்பாய்ப் பேராசிரியர் கேட்டார்: "அருமை. இதைக் கண்டுபிடித்தது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் முன்னால் வந்துவிட்டார். முகத்தில் புன்னகை. "நண்பர்களே, இந்தப் பாடத்தை நீங்கள் மறக்கக் கூடாது என்றுதான் இந்தச் சின்ன நாடகம். எங்கள் ஆய்வகத்தில் சில மாதங்களுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டோம்."

கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள்! என்னையும் நாடகத்தில் நன்றாக நடித்த பெண் என்று பார்த்துச் சிரித்தார்கள்.

வெளியே சவுக்கு மரத்தடியில் போய் நின்றேன். கஜபதி பின்னாலேயே வந்தான். "இன்னாமா ரீலு வுட்றான் பாத்தியா அந்தாளு! நாடகமாமே?" என்றான். மீன் சாப்பாட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை.

இந்த முறை இனிஷியலோடு

கொஞ்ச நாளில் தலைவர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு குறிப்பு. வெளுப்புப் பொடி போட்ட துணியால் குப்பியைத் துடைத்தால் வரும் ஆபத்தைப் பற்றி, உலகத்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. என் வாக்கியங்கள், என் வரைபடம். ஆசிரியர் அவர் ஒருவர்.

"நன்றியில உன் பேர் இருக்கு, பாரு. இந்த முறை இனிஷியலோட போட்டிருக்கேன்."

"சார், கண்டுபிடிச்சது நான்."

"யாரு கண்டுபிடிச்சா என்னம்மா? எல்லாம் அறிவியலுக்குத்தானே?"

"அப்படின்னா உங்க பேர எடுத்துடுங்க சார். அறிவியலுக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் குறிப்பை எடுத்து உறையில் போட்டார். பிறகு வாசலைக் காட்டினார். நான் வெளியே வந்தேன். என் ஆய்வேடும் அவர் பீரோவில், அந்தக் குப்பிகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அத்தா கடையில் எழுந்து நின்றுவிட்டார். "இன்னாம்மா இது அநியாயம்! நான் வந்து கேக்கட்டுமா அந்த ஆள?" என்றார். வேண்டாம் அத்தா என்றேன். கேட்க வேண்டியதை நானே கேட்டுவிட்டேன். கஜபதி அங்கேயே இருந்து பட்டம் வாங்கிக்கொண்டான். குடும்பத்தில் முதல் பட்டதாரி, வேறு வழியில்லை என்றான். அதிலும் எனக்குக் கோபம் உண்டு, அவனுக்கும் அது தெரியும்.

பம்பாய்ப் பேராசிரியரிடம் போய், முதலாம் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். என் இளமையில் சில வருஷங்களை ஒரு மனிதர் தம் பெயருக்காகத் தின்றுவிட்டார். யாரும் திருப்பித் தரவில்லை, யாரும் வருத்தமும் தெரிவிக்கவில்லை.

அந்த எச்சரிக்கைக் குறிப்பு அவருடைய மற்ற எல்லாக் கட்டுரைகளையும்விடப் பேர் வாங்கியது. பாடப்புத்தகங்களிலும் ஏறியது. அவர் இறந்தபோது நடந்த இரங்கல் கூட்டத்தில் அதைத்தான் எடுத்துப் பேசினார்களாம். தம் தவறைத் தாமே ஒப்புக்கொண்ட பெருந்தன்மையாளர் என்றார்களாம்.

நான் பிறகு எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும், செய்முறைப் பகுதியில் ஒரு வரி இருக்கும்: குப்பிகள் துணியால் துடைக்கப்படவில்லை. இதழ்க்காரர்கள் அந்த வரியின் மேல் கோடு போட்டு அனுப்புவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று கேட்பார்கள்.

எடுக்க மாட்டேன் என்று பதில் எழுதுவேன். எல்லோருக்கும் தெரியும்தான். யார் சொல்லித் தெரியும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.